செத்ததற்குத்தான் ஐஸ்

பூமயிலை ராமேசுவரத்துக்கு மூன்று முறை கூட்டிப் போனார்கள். கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாக இறைத்து அவள் தலையில் ஊற்றினார்கள். மூன்று முறையும் அவள் கணவன் பூமிநாதன் மாற்றுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, நனையாத வேட்டியோடு ஓரமாக நின்றான். நாகர் சிலை வைத்தது அவள் பெயரில். மண்சோறு தின்றது அவள். செவ்வாய்க்கிழமை தோறும் பட்டினி கிடந்தது அவள். பிள்ளை பிறக்க இரண்டு பேர் வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிறக்காமல் போக மட்டும் ஒருத்தி போதும் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

அவள் சிக்கல் கிராமத்து விவசாயி மகள். மழை பெய்தால் நெல், பொய்த்தால் வெறும் கட்டாந்தரை என்கிற மானாவாரி நிலம் அவர்களுடையது. அந்த வீட்டில் கோழிகள் பூமயிலின் பொறுப்பு. முட்டையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, இது பொரிக்கும், இது கூமுட்டை என்று சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் யாரும் அனுப்பவில்லை. 1953இல் பதினெட்டு வயதில் உச்சிப்புளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

பூமிநாதனும் விவசாயக் குடும்பத்து ஆள்தான். ஆனால் நிலத்தை நம்பிப் பயனில்லை என்று மண்டபத்தில் மீன் கொட்டகை வேலைக்குப் போய்விட்டான். கரைக்கு வந்த மீனைக் கூடையில் ஒரு வரிசை அடுக்கி, உடைத்த ஐஸை ஒரு வரிசை போட்டு, மேலே உமி பரப்பிச் சாக்கு கட்டி ரயிலேற்றுவது அவன் தொழில். அவன் கட்டிய கூடை மறுநாள் மதுரையில் அவிழ்க்கும்போது மீனின் கண் கலங்காமல் இருக்கும் என்று பெயர் வாங்கியவன். நல்லவன்தான். ஒன்பது வருடம் ஓரமாக நின்ற நல்லவன்.

பூமயில் வாயடங்கிப் போகிற ரகம் அல்ல. பக்கத்து வீட்டு வளைகாப்பில் ஒருத்தி அவளை ஒதுக்கி, "நீ வளையல் தட்டைத் தொடாத, அங்கன பந்தியில போய் உக்காரு" என்றபோது, "வளையல்தான் ஆகாது, ஒங்க வீட்டுச் சோறு எனக்கு ஆகுமாக்கும்?" என்று கேட்டு, இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள். ஆனால் வாய் எத்தனை கூர்மையாக இருந்தாலும் பட்டம் பட்டம்தான். மலடி என்ற சொல்லை அவள் முதுகுக்குப் பின்னால் தினமும் கேட்டாள். மலடன் என்று அந்த ஊரில் ஒரு குரல்கூட ஒலித்ததில்லை.

1962 ஐப்பசியில் பூமிநாதனின் தாய்மாமன் கூத்தையா ஒரு முத்திரைத்தாளும் மைப்பெட்டியுமாக வந்தார். அவருக்கு சேதுலட்சுமி என்று பதினேழு வயதில் ஒரு மகள். அவளை இரண்டாம் தாரமாகக் கட்டி வைப்பது என்று அவரும் அவர் அக்காள் பிச்சையம்மாளும் பேசி முடித்திருந்தார்கள். பிச்சையம்மாள் ஒற்றை மகனை விதவையாக இருந்து கூலி வேலை செய்து வளர்த்தவள். பட்ட பாட்டுக்கெல்லாம் ஒரு பேரன்தான் ஈடு என்று நினைத்தாள். சேதுலட்சுமி என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949இலேயே வந்துவிட்டது. 1955இல் அது நாட்டுக்கே சட்டமானது. ஆனால் வழக்குப் போட முதல் மனைவி வாய் திறக்க வேண்டும். அவளிடமே சம்மதம் என்று ஒரு கைநாட்டு வாங்கிவிட்டால் அவள் எங்கே போய் வாய் திறப்பாள்? சட்டத்தில் இருக்கும் ஓட்டையைப் படித்தவனைவிட வேகமாகக் கண்டுபிடிப்பவன் சம்பந்தம் பேச வந்தவன்தான். அந்தக் கைநாட்டு விழுந்தால் பூமயில் அந்த வீட்டில் வேலைக்காரி. விழாவிட்டால் மனைவி. விஷயம் அவ்வளவுதான்.

"படிங்க பெரியய்யா, என்ன எழுதியிருக்குன்னு கேக்குறேன்" என்றாள் பூமயில்.

கூத்தையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எனக்குக் குறை இருப்பதாலும், பிள்ளைப்பேறு இல்லாததாலும், என் முழு மனச் சம்மதத்துடன் என்று போனது.

"குறை இருக்குன்னு யாரு பார்த்தது?"

"ஊரே சொல்லுதுல்ல."

"ஊரு என் வயித்துக்குள்ள போயி எட்டிப் பார்த்துச்சா?"

பிச்சையம்மாள் வெடித்தாள். "பாருடா தம்பி, வாயைப் பாரு. வயிறு தொறக்காட்டியும் வாயி மட்டும் நல்லாத் தொறக்குது."

பூமயில் நிதானமாகத்தான் சொன்னாள். "அத்தே, ராமநாதபுரத்துல ஒரு டாக்டரம்மா இருக்காக. என்னையப் பார்க்கட்டும். ஒங்க மகனையும் பார்க்கட்டும். குறை எங்கிட்டன்னு சொன்னா ஒரு வெரல் இல்ல, பத்து வெரலையும் உருட்டித் தாரேன்."

"ஆம்பளையை என்னத்தப் பாக்க?" என்றார் கூத்தையா. "மாப்ளை மீசையைப் பார்த்தாலே தெரியலையா?"

"பொட்டைப் பூனைக்கும் மீசை இருக்கு பெரியய்யா."

பூமிநாதன் தன்னை மறந்து சிரித்துவிட்டான். சிரித்துவிட்டதால் மறுக்க முடியவில்லை. மேலும், தன்னிடம் குறை இருக்கும் என்ற எண்ணம் கனவில்கூட அவனுக்கு இல்லை. "சரி, போய்ப் பார்த்துட்டுத்தான் வருவமே" என்றான். கல்யாணம் தையில் என்று நாள் குறித்துவிட்டு கூத்தையா போனார்.

டாக்டர் அருள்மேரி தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பெண். சென்னையில் படித்துவிட்டு, அங்கேயே தங்கிவிடாமல் ராமநாதபுரத்தில் இரண்டு அறையும் ஒரு மைக்ராஸ்கோப்புமாக மருத்துவமனை வைத்திருந்தார். பரிசோதனை வேலைக்கு முஹைதீன் என்று ஒரு பொறுமைசாலி. டாக்டர் பூமயிலை இரண்டு மாதம் பார்த்தார். கருப்பையில் குறையில்லை, குழாயில் அடைப்பில்லை, மாதம் தவறாமல் கருமுட்டை வருகிறது என்று எழுதிக் கொடுத்தார். பிறகு பூமிநாதனைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிப் புட்டியை நீட்டினார்.

"உங்க விந்தைப் பரிசோதிக்கணும். அடுத்த அறையில யாரும் வரமாட்டாங்க. அங்கேயே எடுத்துக் கொடுத்திடலாம்."

அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "இங்கனயா? தண்டவாளத்துல தலையை வையுன்னு சொல்லுங்க, வைக்கிறேன். இது ஏலாது."

"அப்ப வீட்டுல எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள்ள, கெடாம கொண்டு வாங்க."

கெடாமல் என்ற ஒரு சொல் அவனுக்குப் போதும். கெடாமல் கொண்டுபோவதில் அவனைவிட விவரம் தெரிந்தவன் அந்தக் கடற்கரையில் உண்டா? குறித்த நாளுக்கு முந்தின மாலை கொட்டகையிலிருந்து ஒரு கட்டி ஐஸை உமியில் பொதிந்து கொண்டுவந்து வைத்தான். காலையில் புட்டியை மூடி, தகர டப்பாவில் ஐஸைப் பொடித்துப் போட்டு, நடுவில் புட்டியைக் கழுத்துவரை புதைத்தான். ரயில் அன்று ஒன்றரை மணி நேரம் தாமதம். நல்லவேளை ஐஸ் வைத்தோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான். மருத்துவமனை வாசலில் டப்பா ஒழுகியதால் ஐஸைச் சாக்கடையில் கொட்டி, புட்டியை வேட்டியில் துடைத்து உள்ளே கொடுத்தான். ஆகவே யாருக்கும் தெரியவில்லை.

முஹைதீன் பார்த்து எழுதிய தாளில், அசையும் உயிரணுக்கள்: இல்லை என்று இருந்தது.

"இருக்கிறது எல்லாம் செத்திருக்கு" என்றார் டாக்டர். "ஆனா ஒரு தடவை பார்த்து எதையும் முடிவு பண்ணக்கூடாது. ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம்."

முதல் வாக்கியத்துக்குப் பிறகு பூமிநாதன் காதில் எதுவும் விழவில்லை.

வீட்டுக்கு வந்து தாளை மனைவி முன்னால் வைத்தான். "நீ எதுலயும் கைநாட்டு வைக்க வேணாம். எல்லாம் எங்கிட்டத்தான். செத்துப்போச்சாம்." அவ்வளவு சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஒன்பது வருடத்தில் அவன் அவளுக்காகச் சொன்ன முதல் வார்த்தை அது.

பிச்சையம்மாள் அந்தத் தாளை நம்பவில்லை. பூதக்கண்ணாடியில் ஏதோ கோளாறு என்றாள். ஆனாலும் மகன் முகத்தைப் பார்த்து, கூத்தையாவுக்குக் கொஞ்சம் பொறு என்று சொல்லி அனுப்பினாள். பூமிநாதன் வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். யாராவது பலமாகச் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று திடுக்கிட்டான். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்று வெளியே நின்றான். மூன்றே வாரம். இதையே ஒன்பது வருடம் அனுபவித்தவள் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்று வாரமும் பூமயில் நிம்மதியாகத் தூங்கினாள். இதை மறைக்க ஒன்றுமில்லை. அவள் வென்றுவிட்டாள். தையில் கல்யாணம் நடக்காது.

ஒரு மத்தியானம் அவனுக்கு மோர் கொடுத்துவிட்டு, பேச்சுக் கொடுக்கவேண்டும் என்பதற்காகக் கேட்டாள்: "அன்னைக்கு ரயில் அம்புட்டு நேரம் லேட்டாச்சே, புட்டியை எப்படிக் கொண்டு போனீக?"

"அதுல ஒரு கொறையும் வைக்கல. நம்ம சரக்கு அனுப்புற மாதிரியே, சுத்தி ஐஸைப் போட்டு, நச்சுன்னு..."

பூமயில் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"ஐஸா?"

"கெடாம இருக்கணும்ல?"

"எங்க வீட்டுல கோழி அடை வைப்போம். அடை முட்டையை ஒங்க ஐஸுல வச்சா பொரிக்குமா?"

"முட்டை வேற. மீனெல்லாம் நாலு நாளு..."

"மீனு செத்துப்போச்சுய்யா! செத்தது நாறாம இருக்கத்தான் ஐஸு. உசுரோட இருக்கிறதைக் கொண்டுபோயி ஐஸுல வச்சா?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப... நாந்தான் கொன்னுட்டேனா?"

"தெரியல. கொன்னிருக்கலாம். முன்னாடியே செத்துங் கிடந்திருக்கலாம். திரும்பப் பார்த்தாத்தான் தெரியும்."

அவனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. "ஏ பூமயிலு, இதை ஏன் எங்கிட்டச் சொன்ன? நீ பேசாம இருந்திருந்தா அந்தத் தாளு ஒன்னையக் காப்பாத்தியிருக்கும்ல?"

"ஒம்பது வருசமா என்னையப் பார்க்காமலே மலடின்னாக. ஒங்களுக்கு நானும் அதையே செய்யச் சொல்றீகளா?"

நீதியைப் பற்றி நூறு புத்தகம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். தனக்குச் சாதகமான பொய்யைத் தன் கையால் கிழித்துப் போட்டவர்கள் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத பூமயில் அந்தக் குறைவான பேரில் ஒருத்தி.

இந்த முறை புட்டி அவள் பொறுப்பு. துணியில் சுற்றி இடுப்பு மடிப்பில் உடம்போடு அணைத்துக் கட்டிக்கொண்டாள். ரயில் நேரத்துக்கு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கருவாட்டுக்காரி அவள் அடிக்கொரு தரம் மடியைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்து, "மடியில என்னத்தா அப்படி, தங்கமா?" என்றாள்.

"அடை முட்டை."

"பாத்து. கோழி முழிக்கிற முழியே சரியில்ல" என்று அந்தம்மாள் பூமிநாதனைக் காட்டினாள். பெட்டியே சிரித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு பூமிநாதனும் சிரித்தான்.

ஐஸ் கதையைக் கேட்டு டாக்டர் அருள்மேரி மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். "எங்க அய்யா கேட்டா உங்களை மெச்சிக்குவாரு. தப்பு என்னோடது. கடற்கரைக்காரங்ககிட்ட கெடாமன்னு சொன்னா வேற என்ன ஞாபகம் வரும்?" அன்று முதல் அவர் எல்லோரிடமும், உடம்புச் சூட்டோடு கொண்டு வாங்க என்றுதான் சொன்னார்.

முஹைதீன் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் எண்ணினார். பிறகு, "அண்ணே, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க" என்றார்.

பூமிநாதன் பார்த்தான். "ஏ பூமயிலு! நீந்துது! வாலை ஆட்டி நீந்துது!"

அவளும் பார்த்தாள். "எங்கிட்டுப் போறதுன்னு தெரியாம சுத்துதுக. ஒங்களை மாதிரியே."

உயிர் இருந்தது. ஆனால் குறைவு. ஒரு மில்லிலிட்டரில் எண்பது லட்சம், அதிலும் பாதிதான் ஓடுகிறது என்றார் டாக்டர்.

"எண்பது லட்சமா? இது குறைச்சலா?" பூமிநாதன் மலைத்தான். "நம்ம சில்லா முழுக்க அம்புட்டுச் சனம் கெடையாதே!"

"ஆறு கோடி இருந்தா நல்லதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

டாக்டர் அவனையும் சோதித்தார். விதைப்பையில் இடப்பக்கம் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டிருந்தன. அங்கே இரத்தம் தேங்கிச் சூடு ஏறுகிறது, அந்தச் சூட்டில் உயிரணு உற்பத்தி குறைகிறது, மதுரையில் சின்ன அறுவை செய்தால் கூடலாம், கூடாமலும் போகலாம் என்றார். உண்டாகிற இடத்தில் குளிர்ச்சி வேண்டும், உண்டானதைக் கொண்டுபோகும்போது சூடு வேண்டும். பூமிநாதன் இரண்டிலும் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா, எனக்கு மீசை, குரலு எல்லாம்..." என்று இழுத்தான்.

"அது வேற. மீசையும் குரலும் ஹார்மோன்னு ஒரு சுரப்பால வருது. அதுவும் அங்கேதான் சுரக்குது, ஆனா வேற அணுக்கள்ல. மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி ரெண்டுக்கும் உத்தரவு போடுது. ஒரு நாள் முழுக்க மூத்திரத்தைப் பிடிச்சுச் சென்னைக்கு அனுப்பினா அந்தச் சுரப்பை அளந்து சொல்லுவாங்க. உங்களுக்கு அது தேவையில்ல, பார்த்தாலே தெரியுது. ஹார்மோன் சரியா இருந்தும் உயிரணு குறையலாம். மீசை முறுக்குறவன் எத்தனை பேருக்கு அணுவே இல்லன்னு முஹைதீனைக் கேளுங்க."

இந்த ஒரு விளக்கத்தை ஊர் ஊராகத் தமுக்கடித்துச் சொல்லியிருந்தால் எத்தனை பெண்கள் இரண்டாம் தாரத்துக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றாமல் இருந்திருப்பார்கள். தாதுபுஷ்டி லேகியத்துக்குச் சந்தை தோறும் கூவிக் கூவி விளம்பரம். உண்மைக்கு யார் கூவுகிறார்கள்?

பூமயில் பயந்தது நடந்தது. உயிர் இருக்கிறது என்பது மட்டும் பிச்சையம்மாள் காதில் ஏறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூத்தையா அதே முத்திரைத்தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா சொல்லுச்சு. விதையில உசுரு இருக்கு. நிலத்தை மாத்தி விதைப்போம். தை இன்னும் தாண்டல."

உண்மையைச் சொன்னவளுக்கு வந்த கூலி இதுதானா என்று பூமயில் கணவன் முகத்தைப் பார்த்தாள்.

பூமிநாதன் உள்ளே போய் டாக்டர் கொடுத்த இரண்டு தாளையும் எடுத்துவந்து மாமனிடம் நீட்டினான். "நீங்கதான் படிச்சவுக. சத்தமாப் படிங்க. அந்தா, வாசல்ல நிக்கிற சனத்துக்கும் கேக்கட்டும்."

கூத்தையா படித்தார். பூமயில், குறை இல்லை. பூமிநாதன், ஆறு கோடி வேண்டிய இடத்தில் எண்பது லட்சம். படிக்கப் படிக்கக் குரல் தாழ்ந்தது.

"கேட்டீகளா மாமா? நிலம் நல்லாருக்கு. விதைதான் பத்தல. இப்ப ஒங்க மகளைக் கொடுங்க. ஒம்பது வருசம் கழிச்சு அவளையும் இருபத்திரண்டு தீர்த்தத்துல முக்குவோம். அப்பவும் நான் துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"ஏலே, எம் மக வாழ்க்கையைக் கெடுக்கவா நான் வந்தேன்?" என்று கூத்தையா சீறினார்.

"எம் பொஞ்சாதி வாழ்க்கைன்னா மட்டும் கெடலாமாக்கும்?"

கூத்தையா முத்திரைத்தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் பூமயில் வாய் திறந்தாள். "இருங்க பெரியய்யா. முத்திரைத்தாளு எதுக்கு வீணாப் போகணும்? எழுதினதை அடிச்சுட்டுப் பின்பக்கம் எழுதுங்க. சிக்கல் பூமயிலுக்கு ஒரு குறையும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஊரு சொல்லுதுன்னு நீங்கதான் சொன்னீக. இனிமே ஊருக்கு நீங்களே சொல்லுங்க."

வாசலில் நின்ற கூட்டம் கலையவில்லை. மகளைக் காப்பாற்றிய அதே டாக்டர் தாளை மறுக்கக் கூத்தையாவுக்கு வழியும் இல்லை. எழுதினார், கையெழுத்திட்டார். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்றாள் பூமயில். பூமிநாதன் மைப்பெட்டியைத் தாயின் பக்கம் நகர்த்தினான். பிச்சையம்மாள் மகனை முறைத்தாள். மருமகளை முறைத்தாள். பிறகு கட்டைவிரலை மையில் வைத்தாள்.

மீன் கொட்டகையில் பூமிநாதனுக்கு எண்பது லட்சம் என்று பெயர் விழுந்தது. "ஏலே எண்பது லட்சம், இந்தக் கூடையைத் தூக்கு" என்பார்கள். "ஒங்கிட்ட எம்புட்டு இருக்குன்னு பார்த்துட்டு வந்து பேசுலே" என்பான். பார்த்துவிட்டு வரத் துணிந்தவர் யாரும் இல்லாததால் கேலி மெல்ல ஓய்ந்தது. மதுரையில் அறுவை நடந்தது. ஒரு வருடத்தில் எண்ணிக்கை மூன்று கோடியைத் தொட்டது. இதை எழுதும் 1966 வரை அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைக் கேட்டு உச்சுக் கொட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஊர் வளைகாப்புகளில் வளையல் தட்டை இப்போது பூமயிலேதான் எடுத்து வைக்கிறாள், யாரும் தடுப்பதில்லை. சேதுலட்சுமி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கடலாடியில் இருக்கிறாள்.

பிள்ளை இல்லை என்று தவிக்கும் பெண்கள் இன்று பூமயிலைத் தேடி வருகிறார்கள். அவள் அவர்களை டாக்டரிடம் கூட்டிப் போகிறாள். போன மாசியில் அக்காள்மடத்திலிருந்து யாகப்பம்மாள் என்ற மீனவப் பெண்மணி தன் மருமகளை மட்டும் இழுத்துக்கொண்டு உச்சிப்புளி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள்.

"மகன் எங்க?" என்றாள் பூமயில்.

"வேதமுத்தா? அவன் எதுக்குத்தா? கடலுக்குப் போயிருக்கான். இவளைக் காட்டுனாப் போதும்."

"பாதியைக் கொண்டுபோய்க் காட்டினா டாக்டரம்மா பாதியைத்தான் சொல்லுவாக. அடுத்த ரயில்ல திரும்பிப் போங்க. மகன் கரைக்கு வந்த பெறகு அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

"வரமாட்டேன்னு சொல்லுவானே?"

"மருமகளும் வரமாட்டேன்னுதான் சொல்லியிருப்பா. அவளை எப்படிக் கூட்டியாந்தீக? அப்படியே அவரையும் கூட்டியாங்க."

யாகப்பம்மாள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். மருமகள் மட்டும் ரயில் ஜன்னலில் தலையை நீட்டி, வளைவு வரும்வரை பூமயிலைப் பார்த்துக்கொண்டே போனாள். திங்கட்கிழமை மூன்று பேரும் வந்து இறங்கினார்கள்.